ஒளித்தாளா, சொன்னாளா? ஆல்யாவின் முணுமுணுப்பும் ஒரு தேநீர்க்கடையும்

சற்றே நீண்ட பதிவு. ஆய்வேட்டின் மூன்றாம் இயலை முடிக்க வேண்டிய வாரத்தில் இதை எழுதுகிறேன். என் நெறியாளர் பொறுத்தருள்க.

சென்ற சனிக்கிழமை இரவு, சால்ட் லேக்கில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில், மூன்று பேர் ஒரு மடிக்கணினியின் முன் அமர்ந்து ஓர் அனிமே தொடரைப் பார்த்து முடித்தோம். ஒருத்தி கிருஷ்ணநகர்ப் பெண், வரலாற்றுத்துறை ஆய்வாளர். மற்றொருத்தி செக்டர் ஃபைவில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிபவள். வீட்டிலும் பள்ளியிலும் ஆங்கிலமே பேசி வளர்ந்தவள். மூன்றாமவள் பாளையங்கோட்டையிலிருந்து வந்த நான். ஒரே காட்சி. மென்பொருள் தோழி பொறுமையிழந்தாள். வங்காளத் தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிற்று. பள்ளிக்கூடக் காதல் நகைச்சுவைக்குக் கண்கலங்கும் வயதை நான் கடந்துவிட்டேன் என்பதால் மற்ற இருவரும் என்னையே வேடிக்கை பார்த்தார்கள்.

திங்களன்று தேநீர் இடைவேளையில் இதைச் சொன்னபோது, மூத்த ஆய்வாளர் ஒருவர், "விடலைகள் பார்க்கும் பொம்மைப்படத்தில் மொழியியலுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். அங்கே மழுப்பினேன். இந்தப் பதிவு அவருக்கான விடை.

தொடரின் பெயர் ஆங்கிலத்தில், 'ஆல்யா சில வேளைகளில் தன் உணர்வுகளை ரஷ்ய மொழியில் ஒளிக்கிறாள்' என்று பொருள்படும். சன்சன்சன் என்ற புனைபெயருடையவர் 2021 முதல் எழுதிவரும் லைட் நாவல் வரிசையைத் தழுவி, தோகா கோபோ நிறுவனம் உருவாக்கிய பன்னிரண்டு பகுதிகள். 2024 ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஒளிபரப்பாயின. கதை எளியது. ரஷ்யத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த அலிசா மிகைலோவ்னா குஜோ படிப்பில் முதலிடம், எவரிடமும் நெருங்காதவள். பக்கத்து இருக்கையில் குசே மசாச்சிகா. வகுப்பில் தூங்கி வழிபவன். அவனைக் கடிந்துகொண்டே இருப்பவள், இடையிடையே ரஷ்ய மொழியில் கனிவாக ஏதோ முணுமுணுப்பாள். தன்னையும் கொஞ்சம் கவனிக்கச் சொல்லி ஏங்குவதும் அவற்றில் ஒன்று. என்ன சொன்னாய் என்று அவன் கேட்டால் ஜப்பானிய மொழியில் வேறெதையோ சொல்லிச் சமாளிப்பாள். அவளுக்குத் தெரியாத ஒன்று: குசேவுக்குச் சிறுவயதிலிருந்தே ரஷ்ய மொழி புரியும். புரிந்தும் புரியாதவன்போல் இருக்கிறான்.

இத்தொடரைப் பார்த்தவர்களிடம் நான் மிகுதியாகக் கேட்ட எதிர்வினை, மென்பொருள் தோழி சொன்னதுதான்: "எனக்கு ரஷ்யன் தெரியும் என்று முதல் பகுதியிலேயே அவன் சொல்லித் தொலைத்தால் என்ன? பன்னிரண்டு பகுதி மிச்சம்." இதன் மறுபக்கமாக இன்னொரு கேள்வியும் வரும்: அவள்தான் நேரே சொன்னால் என்ன? இவ்வகைக் கதைகள் அனைத்தின்மீதும் வைக்கப்படும் பொதுக்குற்றச்சாட்டு இது. 2019இல் தொலைக்காட்சிக்கு வந்த 'காகுயா-சாமா' தொடரில், இரண்டு அறிவாளி மாணவர்கள் 'நீயே முதலில் சொல்' என்று பருவம் பருவமாகப் போர் புரிந்தபோதும் இதையே கேட்டார்கள்.

இந்தப் பொறுமையின்மை கதையின்மேல் எழுந்ததா, கதை வந்துசேர்ந்த மொழியின்மேல் எழுந்ததா? தலைப்பிலிருந்தே தொடங்கலாம். ஜப்பானியத் தலைப்பில் 'ஒளித்தல்' என்ற வினையே இல்லை. அங்கே இருப்பவை இரண்டு சொற்கள். ஒன்று 'போசொத்தோ': தாழ்ந்த குரலில் சட்டென்று வாய்க்குள் சொல்வதைக் குறிக்கும் ஒலிக்குறிப்புச் சொல், நம் 'முணுமுணு' குடும்பம். மற்றொன்று 'தெரெரு': அன்பால் குழைதல். ஆக, 'பக்கத்து இருக்கை ஆல்யா சில வேளைகளில் ரஷ்ய மொழியில் முணுமுணுத்துக் குழைகிறாள்' என்பதே தலைப்பு. ஜப்பானியத் தலைப்பு அவள் ஒன்றை வெளியே விடுகிறாள் என்கிறது. ஆங்கிலத் தலைப்பு அவள் ஒன்றை உள்ளே மறைக்கிறாள் என்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசைகள். ஒளிக்கிறாள் என்று சொல்லிக்கொடுத்துவிட்டால், எப்போது பிடிபடுவாள் என்றுதான் பார்வையாளர் காத்திருப்பார், பிடிபடாவிட்டால் அலுப்பார். சொல்கிறாள் என்று கொண்டால் கேள்வியே வேறு: ஒளிக்க வேண்டுமானால் மனத்துக்குள்ளேயே நினைத்துக்கொள்ளலாமே, வாய்விட்டுச் சொல்வானேன்?

இதற்கு மொழியியலில் விடை உண்டு. ஜப்பானியப் பள்ளிக்காதல் கதைகளில் 'கொக்குஹாக்கு' என்பது ஒரு சடங்கு. உன்னைப் பிடித்திருக்கிறது, என்னுடன் பழகு என்று ஒருவர் முறைப்படி சொன்னால்தான் உறவு தொடங்கியதாகப் பொருள். ஜே. எல். ஆஸ்டின் நிகழ்த்துகூற்று என்று விளக்கிய வகையைச் சேர்ந்தது அது. சொல்வதே செயலாகிவிடும் கூற்று. கேட்பவருக்கு விளங்காத மொழியில் சொன்னால் சொற்கள் வெளிவருகின்றன, செயல் நிகழ்வதில்லை. சொல்லின் சுமை இறங்குகிறது. சொல்லியதன் பொறுப்பு ஏறவில்லை. ஆல்யா கண்டுபிடித்திருப்பது இந்த இடைவெளியை.

இதைக் கண்டு வியக்க நாம் யார்? தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் 'ப்ரபோஸ் பண்ணினான்' என்றால் திருமணம் பேசினான் என்று பொருளா? காதலைத் தெரிவித்தான் என்று பொருள். கொக்குஹாக்குவுக்கு நம்மூர்ச் சொல் அது. அதையும் ஆங்கிலத்திலிருந்து கடன்வாங்கிப் பொருளை மாற்றிக்கொண்டோம். அந்த வேளையில் சொல்லப்படும் வாசகம் எது? 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்று எந்த ஊர்த் தமிழர் வாயாலும் நான் கேட்டதில்லை. மொழிமாற்றுப் படங்களில்தான் அது வாழ்கிறது. நாம் சொல்வது 'ஐ லவ் யூ'. துணிவு போதாதவர்கள் 'பிடிச்சிருக்கு' என்பார்கள். யாருக்கு, யாரை, எதை என்று எதுவுமே அந்தச் சொல்லில் இல்லை. மாட்டிக்கொண்டால் 'உன் சட்டையைச் சொன்னேன்' என்று பின்வாங்க வழி விட்டிருக்கும் சொல். ஜப்பானியரின் 'சுகி தெசு'வும் எழுவாயின்றிச் செயப்படுபொருளின்றி அப்படியே நிற்கும். ஆங்கிலத் துணையுரையோ இரண்டு பேரையும் வரிசையில் நிறுத்தி 'நான் உன்னை' என்று வாக்குமூலம் எழுதிவிடுகிறது.

பன்மொழியாளர்களிடம் ழான்-மார்க் தெவேல் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. 'உன்னைக் காதலிக்கிறேன்' என்ற கூற்று எந்த மொழியில் கனமாக இருக்கிறது என்று அவர் கேட்டார். எல்லோரும் ஒரே விடை தரவில்லை; ஆயினும் மிகப் பலருக்கு அது முதல்மொழியில்தான் கனமாக இருந்தது. கனமான பொருளை இரண்டாம் மொழியில் வைத்துக் கைமாற்றுவது எளிது. தமிழ்க் காதலர்களுக்கு ஆங்கிலம் அந்த வேலையைச் செய்துவருகிறது. ஆங்கிலமே நமக்கு ரஷ்ய மொழி. ஒரு வேறுபாடு: நம்முடைய ஆல்யாக்கள் கேட்பவருக்கும் புரியும் என்று தெரிந்தே முணுமுணுக்கிறார்கள்.

ஆல்யாவின் பக்கம் இது. குசே ஏன் சொல்லவில்லை? இதற்கு நூலில் விடை தேட வேண்டிய தேவை எனக்கு ஏற்படவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து கருணாமயி நோக்கி நடந்தால் வழியில் ஒரு தேநீர்க்கடை. தார்ப்பாய் நிழல், இரண்டு பெஞ்சு, மண்குவளை. கடைக்காரரை எல்லோரையும்போல் நானும் 'தாதா' என்பேன். முதன்முதலில் தொலைபேசியில் அம்மாவிடம் "தாதா கடையில டீ குடிச்சிட்டிருக்கேன்" என்று சொன்னபோது, கொல்கத்தாவில் ரவுடிகள் டீக்கடை நடத்துகிறார்களா என்று அவர் பதறியது தனிக்கதை. அண்ணன் என்று பொருள் சொல்லித் தேற்றினேன்.

அந்த அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி இருப்பது இரண்டாண்டுகளுக்கு முன் தெரியவந்தது. சோதனை, அறுவை, காத்திருப்பு என்று மூன்று மாதம். வீட்டில் தோழிகள் முன் அழக் கூச்சம். துறையில் பேச மனமில்லை. மாலைதோறும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அக்காவிடம் பேசுவேன். அம்மாவிடம் சொல்ல முடியாததையெல்லாம், "எனக்குப் பயமா இருக்குக்கா" என்பது உட்பட, உரத்த குரலில் தமிழில் சொல்வேன். சுற்றிலும் பத்துப் பேர் இருப்பார்கள். ஒருவருக்கும் புரியாது. கூட்டத்தின் நடுவில் கதவடைத்த அறை ஒன்று எனக்குக் கிடைத்திருந்தது. அந்த அறையின் பெயர் தமிழ்.

அம்மா தேறி வீடு திரும்பிய வாரம், சில்லறையை எண்ணிக் கொடுத்துக்கொண்டே தாதா கேட்டார்: "அம்மா ஒடம்பு இப்ப பரவால்லியா, தீதி?"

தமிழ். வேலூர்த் தமிழ். தம் மனைவியின் சிகிச்சைக்காக அவர் வேலூரில் ஒரு விடுதி அறையில் மாதக்கணக்கில் தங்கியிருந்திருக்கிறார். வங்காளத்திலிருந்து சிகிச்சைக்காக வேலூர் செல்லும் குடும்பங்கள் ஏராளம் என்பதும், அவர்களுக்காக அங்குள்ள கடைகளும் விடுதிகளும் வங்காள மொழி பேசப் பழகியிருப்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. போனவர்களும் கொஞ்சம் தமிழோடு திரும்பியிருப்பார்கள் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. நான் மொழியியல் முதுகலை படித்தவள்.

மூன்று மாதமும் ஏன் சொல்லவில்லை என்று வங்காளத்தில் கேட்டேன். "சொல்லியிருந்தால் நீங்கள் வேறெங்காவது போய் அழுதிருப்பீர்கள். இங்கே உட்காரப் பெஞ்சாவது இருந்தது" என்றார். அந்த நாட்களில் கேளாமலே இரண்டாவது குவளை வந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

தோழியின் கேள்விக்கு விடை இதுதான். புரியும் என்று சொல்லிவிட்டால், சொல்பவர் சொல்வதை நிறுத்திவிடுவார். அந்த அறை இடிந்துவிடும். சனிக்கிழமை இரவு குசே புரியாதவன்போல் தலையைத் திருப்பிக்கொண்ட காட்சியில் எனக்குக் கண் கலங்கியதற்கும் வேறு காரணம் இல்லை.

இதை மிகையாகப் புனிதப்படுத்தவும் கூடாது. குசேயின் மௌனம் தங்களுக்கு அருவருப்பாக இருந்தது என்று என்னிடம் சொன்ன பெண்கள் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. புரியாது என்று நம்பிப் பேசும் பெண்ணின் பேச்சை, புரிந்துகொண்டு, அதில் உள்ளூர மகிழ்ந்துகொண்டு இருப்பவனுக்கு அவள்மேல் ஓர் ஆதிக்கம் கிடைத்துவிடுகிறது. இர்விங் காஃப்மன் உரையாடலின் பங்கேற்பாளர்களை வகுத்தபோது, தற்செயலாகக் காதில் விழக் கேட்பவரையும் வேண்டுமென்றே கேட்பவரையும் பிரித்தார். 1984இல் ஆலன் பெல் இதை வரிசைப்படுத்தி, ஒட்டுக்கேட்பவரைக் கடைசியில் வைத்தார். குசே முதல் நாள் தற்செயலாகக் கேட்டவன். இரண்டாம் நாள் முதல் அவன் யார்? தொடர் இந்தக் கேள்வியை அவ்வப்போது தொடுகிறது, முழுதாக எதிர்கொள்வதில்லை. பெண்ணுடலைக் காட்டும் சில கோணங்களும், பின்பாதியை நிறைக்கும் மாணவர் மன்றத் தேர்தலும் அதை மறக்கடிக்கின்றன. மெட்ரோவில் இரண்டு பெண்கள் தங்கள் மொழியை நம்பி எவ்வளவோ பேசுகிறார்கள். எதிர் இருக்கையில் இருப்பவன் தாதாவா, ஒட்டுக்கேட்பவனா என்பது அவனுக்கு மொழி தெரியுமா என்பதைப் பொறுத்ததன்று. தெரிந்ததை வைத்து அவன் என்ன செய்கிறான் என்பதைப் பொறுத்தது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானதுதான். அகப்பாடல்களில் தலைவன் சிறைப்புறத்தில், அதாவது வேலிக்கு அப்பால், வந்து நிற்பான். தோழி தலைவியிடம் பேசுவதுபோல் பேசுவாள். பேச்சு முழுவதும் அவன் காதுக்கு. வரைவு நீட்டிக்கிறான், ஊர் அலர் தூற்றுகிறது என்பதெல்லாம் நேரே சொல்ல முடியாதவை. வேலி இருப்பதால் சொல்ல முடிகிறது. வேலியைத் தாண்டி வந்து 'நான் எல்லாம் கேட்டேன்' என்று அவன் அங்கேயே சொல்லிவிட்டால் பாடலே இல்லை. சிறைப்புறக் கூற்றைப் பாடமாக வைத்துத் தேர்வெழுதிய நாம், பக்கத்து இருக்கையில் ஒரு மொழியே வேலியாக நிற்பதைக் கண்டு 'ஏன் இழுக்கிறார்கள்' என்று கேட்கலாமா?

வங்காளத் தோழியின் சிரிப்புக்கு வருகிறேன். அவள் சிரித்தது பெயர்களுக்கு. அலிசா என்பவள் ஆல்யா. அவள் அக்கா மரியா என்பவள் மாஷா. ஆங்கிலத் துணையுரையில் இவை வெறும் சுருக்கங்கள். வங்காளிக்கோ ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர்: சான்றிதழில் இருக்கும் 'பாலோ நாம்', வீட்டார் கூப்பிடும் 'டாக் நாம்'. வகுப்பறையில் ஒருவன் ஒருத்தியை டாக் நாம் சொல்லிக் கூப்பிட்டால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். குசே 'ஆல்யா' என்று விளிக்கும்போதெல்லாம் அவளுக்கு வகுப்பே திரும்பிப் பார்த்தது. "இவர்கள் எப்போதோ ஆப்னியிலிருந்து துமிக்கு வந்துவிட்டார்கள், இவர்களுக்கே தெரியவில்லை" என்றாள். ஆப்னி, துமி, துய் என்று முன்னிலையை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கும் மொழியில் ஆப்னி துமியாவதே ஒரு கொக்குஹாக்கு. ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு 'இன்னும் எதுவும் நடக்கவில்லை' என்று தோன்றிய அதே நிமிடத்தில், அவளுக்கு எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

மூவரும் பார்த்தது ஒரே காட்சி. எதிர்கொண்டது மூன்று கதை. ஆகவே, 'இளைஞர்கள் அனிமே பார்த்து அளவுக்கு மீறி உணர்ச்சிவசப்படுகிறார்கள்' என்று சொல்லும் மூத்தவர்களிடம் என் வேண்டுகோள்: எந்த மொழியின் வழியாக என்று முதலில் கேளுங்கள். சிரிப்பு எந்த நொடியில் வருகிறது, யாருக்கு வரவில்லை என்பதெல்லாம் பயன்வழியியலுக்குத் தரவு. நம் மாணவர்களின் அறைகளில் அது ஒவ்வோர் இரவும் உற்பத்தியாகிறது.

மொழிபெயர்ப்பாளர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். 2007இல் தொடங்கிய சுட்டி டிவியில் மொழிமாற்றுக் கார்ட்டூன்கள் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' திரைப்படம் தமிழ்க் குரலோடு திரையரங்குகளுக்கே வந்தது. அடிதடிக் கதைகளுக்குக் கிடைத்த இந்த வாய்ப்பு பள்ளிக்காதல் கதைகளுக்கும் கிடைக்கும்போது, அவை ஆங்கிலத்தின் வழியாகப் பெயர்க்கப்படுமானால், ஆங்கிலத்துக்கு இல்லாதவை எல்லாம் தமிழிலும் இல்லாமற்போகும். நீ, நீங்கள், வாடா, வாங்க என்று நம்மிடம் கொட்டிக்கிடக்கும் செல்வம் பெட்டியிலேயே உறங்கும். ஜப்பானிய மொழியிலிருந்து நேரே பெயருங்கள். கொல்கத்தாவிலும் சென்னையிலும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு நடக்கிறது. அதை எழுதிய இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆல்யா தமிழ் பேச வந்தால், அவளுடைய ரஷ்ய வரிகளை ரஷ்ய மொழியிலேயே விட்டுவிடுங்கள். ஆல்யாவுக்குக் குரல் தந்த சுமிரே உயேசாக்கா சோபியா பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழி பயின்றவர். அந்தக் குரல் அப்படியே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே மொழியாக்கிவிட்டால், வேலி இருந்த இடமே தெரியாது.

அம்மா இப்போது நலம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. தாதாவிடம் தமிழில் பேச முயல்கிறேன். அவருடைய தமிழ் பெரும்பாலும் மருந்து, கட்டணம், வரிசை, 'டாக்டர் எப்போ வருவாரு' என்ற எல்லைக்குள் இருப்பதால் சீக்கிரம் வங்காளத்துக்கு வந்துவிடுகிறோம். அக்காவிடம் பேசுவது இன்னும் அதே பெஞ்சில்தான். ஒருவருக்குப் புரிகிறது என்று தெரிந்தபின்னும் ஏன் வேறிடம் தேடவில்லை என்பதை இந்த வரியை எழுதும்போதுதான் யோசிக்கிறேன்.

நண்பர்களே, ஒரு மொழியை நம்பி நீங்கள் எதையாவது வாய்விட்டுச் சொல்லி, அது கேட்கப்பட்டிருந்தால், எழுதுங்கள். பெயர் வேண்டாம், எந்த மொழியில் சொன்னீர்கள், கேட்டவர் என்ன செய்தார் என்பது போதும்.